குண்டுக்குள் ஆறு கிலோ காற்று

கையை வைத்தால் தெரிகிறது, எடுத்தால் இல்லையென்று ஆகிவிடுகிறது, இதென்ன கண்ணாமூச்சி என்று நினைத்தபடி அஞ்சலாட்சி அந்த ரப்பர் குழாயின் மேல் உள்ளங்கையை மறுபடியும் வைத்தாள். குழாய் துடித்தது. கோபத்தை அடக்கிக்கொண்டிருப்பவர்களின் கழுத்து நரம்பு துடிக்குமே, அப்படி. ஒரு துடிப்பு, ஒரு சின்ன ஓய்வு, அடுத்த துடிப்பு. ஓய்வு என்று பெயர் வைக்கக்கூட நேரமில்லாத ஓய்வு. அதற்குள்தான் இத்தனை குழப்பமும் ஒளிந்திருக்கிறது. விருத்தாசலத்துக்கு வெளியே, சேலம் ரோட்டில், சுவரில் பதிக்கிற வெள்ளை டைல்ஸ் செய்கிற கம்பெனி அது. தொட்டியில் பால் மாதிரி கரைத்து வைத்த கிளேஸ் என்கிற மேல்பூச்சைக் காற்றில் ஓடும் பம்பு ஒன்று மேலே தள்ளும். மேலே கவிழ்த்துவைத்த மணி மாதிரி ஓர் எவர்சில்வர் குடம். அதற்குப் பெல் என்று பெயர். அதன் தலையில் விழுகிற கிளேஸ் சுற்றிலும் பாவாடை விரிந்தாற்போல வழிந்து இறங்கும். அந்தப் பாவாடைக்கு அடியில் பெல்ட்டின் மேல் டைல்கள் ஒவ்வொன்றாய் நுழைந்து, வெள்ளை பூசிக்கொண்டு, சூளையைப் பார்க்கப் போகும். பம்பு ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூச்சு வாங்கினால் பாவாடை அந்தக் கணத்தில் கொஞ்சம் மெலியும். மெலிந்த இடத்தில் டைலின் குறுக்கே ஒரு வரி விழும். வெந்து வெளியே வந்த பிறகுதான் வரி தெரியும், அதுவும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான், அதுவும் பார்க்கிற கண் இருந்தால்தான். அஞ்சலாட்சிக்கு மூன்று வாரமாக அது தெரியவில்லை.

அவளுடைய இடம் இந்தப் பம்பு ரூம் இல்லை. சூளை முடிகிற இடத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே, டைலைப் பார்த்துப் பிரிக்கிற மேஜை. இருபத்தாறு வருஷமாக அங்கே உட்கார்ந்து, சூடு ஆறாத டைலை எடுத்து, சாய்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று அடுக்குகிறவள். மூன்று வாரத்துக்கு முன்னால் பெரம்பலூர்க் கடையிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. மேனேஜர் தணிகைவேல் அதிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். "என்னம்மா, நீங்க பாத்து வுட்டதுலயே இவ்ளோ வரி?" அவள் வாங்கி இடது பக்கம் சாய்த்தாள், வலது பக்கம் சாய்த்தாள், தலையைச் சாய்த்தாள். துவைத்து விரித்த வேட்டி மாதிரி ஒரே வெண்மை. இத்தனை வருஷத்தில் அந்த மேஜையில் அவள் பொய் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள். "ஆமா சார், தப்பிடுச்சு." அப்புறம் பொய் தானாகவே பெருக ஆரம்பித்தது. டியூப்லைட் மங்குகிறது என்று சொல்லி மூன்று முறை மாற்ற வைத்தாள். "அக்கா மேஜைக்கு இனிமே கல்யாணப் பந்தல் லைட்டுதான் போடணும்" என்று எலக்ட்ரீசியன் ஏணியிலிருந்தே கேலி செய்தான். பெட்டி ஒட்டுகிறவளிடம் ஒரு டைலை நீட்டி, பரீட்சை வைப்பதுபோல, "இதுல வரி எங்க இருக்குது, சொல்லு பாப்போம்" என்று கேட்டு, அவள் விரல் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு, "ம், பரவாயில்ல, கத்துக்கிட்ட" என்றாள். சந்தேகமானதையெல்லாம் கழிவில் போட்டாள். கழிவு ஏறியது. நேற்று தணிகைவேல் வந்து, வரிக்கு ஒரு வழி தெரியாமல் லைனை ஓட்ட முடியாது, நாளை மத்தியானத்துக்குள் அஞ்சலாட்சிம்மா பார்த்துச் சரி என்று சொன்னால்தான் இரண்டாம் ஷிப்டு என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டுப் போனார். இப்போது மணி பத்தேகால். மேஜை போனால் பட்டினி கிடக்கப்போவதில்லை, பெட்டி ஒட்டச் சொல்வார்கள், பையன் ஓசூரிலிருந்து அனுப்புகிறான். ஆனால் இந்தக் கம்பெனியில் அஞ்சலாட்சி எங்கே என்று கேட்டால் எல்லோரும் கையை நீட்டுவது அந்த மேஜையைப் பார்த்துத்தான். கை நீட்ட இடமில்லாமல் போவது என்பது எப்படி இருக்கும். அவள் அதை ஒரு டைலைப் போல எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. வரியைப் பார்க்க முடியாதவள் வரி பிறக்கிற இடத்தையாவது போய்ப் பார்ப்போமே என்றுதான் காலையில் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்ததும் நேரம் போனதே தெரியவில்லை, அதுதான் அதிசயம். பயத்தோடு வந்தவளுக்கு இந்தப் பம்பு இவ்வளவு சுவாரசியமாக இருக்கும் என்று யார் சொன்னார்கள். இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்ட முகம் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு கன்னத்துக்குள்ளும் ஒரு ரப்பர் தட்டு, தோசைக்கல் அகலம். இரண்டையும் நடுவில் ஒரே கம்பி இணைக்கிறது. போன வருஷம் பிரித்துப் போட்டிருந்தபோது பார்த்திருக்கிறாள். காற்று ஒரு பக்கம் தள்ளினால் அந்தக் கன்னம் கிளேஸைத் துப்பும், அதே நேரம் மற்றக் கன்னம் உறிஞ்சும். பிறகு காற்று பக்கம் மாறும். மாறுகிற அந்த இடத்தில், இவனும் தள்ளவில்லை, அவனும் தள்ளவில்லை. காலையில் வரும் டவுன் பஸ்ஸில் டிரைவர் கியர் மாற்றும்போது நிற்கிற அத்தனை பேரும் ஒரே மாதிரி முன்னால் தலையசைப்பார்களே, எதற்கோ சம்மதம் சொல்வதுபோல, அந்தத் தலையசைப்புதான் இது. பஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது, இருந்தாலும் ஒரு கணம் யாரும் அதை ஓட்டவில்லை. அப்படியென்றால் இந்த ஓய்வை ஒழிக்க முடியாது. இரண்டு பேர் மாறி மாறிச் செய்கிற எந்த வேலையிலும் கை மாறுகிற இடம் ஒன்று இருந்தே தீரும். ஒழிக்க முடியாததை எங்கேயாவது ஒளித்துவைக்கலாம். அதற்குத்தானே பம்பிலிருந்து முழ தூரத்தில், குழாயின் மேல் பூசணிக்காய் அளவுக்கு அந்த இரும்புக் குண்டை நான்கு மாதத்துக்கு முன்னால் மாட்டியிருக்கிறார்கள். வந்த பெட்டியில் அதற்கு ஏதோ பெரிய பெயர் எழுதியிருந்தது. இங்கே எல்லோருக்கும் அது குண்டுதான். உள்ளே ஒரு ரப்பர் பை, அதில் காற்று. துடிப்பு வேகமாய் வரும்போது கிளேஸ் அந்தப் பையை அமுக்கிக்கொண்டு கொஞ்சம் உள்ளே போய்த் தங்கும், ஓய்வு வரும்போது பை அதைத் திருப்பித் தள்ளி இடைவெளியை நிரப்பும். அப்படித்தான் கொண்டுவந்தவன் சொன்னான், அவள் அப்போது டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இப்போது குண்டுக்கு முந்தின குழாயில் கை வைத்தாள். துடித்தது. குண்டைத் தாண்டிய குழாயில் கை வைத்தாள். அதே துடிப்பு, ஒரு குன்றிமணி எடைகூடக் குறையாமல். நடுவில் குண்டின் வயிற்றில் கை வைத்தாள். கல். உள்ளே ஒன்று அமுங்குகிறது, நிமிர்கிறது என்றால் கைக்குக் கொஞ்சமாவது தெரிய வேண்டாமா. வீட்டில் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நடுக்கூடத்தில் ஈஸிசேரில் பேப்பர் படிக்கிற பெரியவர் மாதிரி அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம்தான் கொளஞ்சி காற்று ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஐம்பது வயது, இந்த லைனின் ஃபிட்டர், அதற்கு முன்னால் உளுந்தூர்ப்பேட்டை டோல்கேட் பக்கம் இருபது வருஷம் லாரி டயர்க் கடையில் இருந்தவன். செவ்வாய்க்கிழமை காலையில் குண்டுக்குக் காற்று அடிப்பது அவனாகவே வைத்துக்கொண்ட வழக்கம். "என்னாக்கா, மேஜைய வுட்டுட்டு இங்க வந்து கையப் புடிச்சி நாடி பாத்துக்கினு இருக்கற?" என்றபடி குண்டின் வால்வில் ஹோஸை மாட்டினான். கொஞ்ச நேரம் சீறியது. பிறகு ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்து, குண்டின் தலையில் ஒரு தட்டு தட்டிக் காதைச் சாய்த்தான். ணங். அவன் முகத்தில் திருப்தி வந்தது. லாரி டயரை இரும்புக் கம்பியால் தட்டி, சத்தத்தை வைத்தே காற்று எவ்வளவு என்று சொல்கிறவர்களின் திருப்தி. அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று தடுக்கியது. "எவ்ளோ அடிச்ச?" "ஆறு கிலோ. கம்ப்ரஸர்ல இருக்கறது மொத்தமும். கொறையே வைக்கமாட்டேன்." "பம்பு குழாய்ல எவ்ளோ கிலோ வருது?" "அது ரெண்டுதான்." "ரெண்டு கிலோ வந்து ஆறு கிலோவ எப்பிடிப்பா அமுக்கும்?" அவன் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். "ஏன் அமுக்கணும்? காத்து கொறஞ்சா டயரு அமுங்கிப் போய்டும்க்கா. லோடு ஏறுதில்ல?" சொன்னவன் சொன்ன சொல்லையே திரும்பிப் பார்த்த மாதிரி நின்றான்.  இருபது வருஷம் அமுங்கக்கூடாது என்பதற்காகவே காற்று அடித்த கை அது. அமுங்குவதற்காக ஒன்று இருக்கும் என்று அந்தக் கைக்கு எப்படித் தெரியும். பை முழுக்க உப்பி, குண்டின் வாயை உள்ளிருந்து அடைத்துக்கொண்டு, வருகிற ஒரு சொட்டையும் உள்ளே விடாமல், வாரா வாரம் இன்னும் இறுக்கமாக. "வுட்டுப் பாக்கலாமா?" என்றாள். "காத்தையா? சாரு கேட்டா?" "நான் சொன்னேன்னு சொல்லு." அந்த வார்த்தைக்கு இன்னும் மதிப்பு இருந்தது. மத்தியானம் வரைக்குமாவது இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பம்பை நிறுத்திவிட்டு வால்வை அமுக்கினான். நான்கு கிலோ. ஓட்டினார்கள். கல்லாகத்தான் இருந்தது. நிறுத்தினார்கள், மேலே பெல்லில் பாவாடை கிழிந்து தொங்கி நின்றது, பெல்ட்டில் டைல் அடுக்குகிறவள் எட்டிப் பார்த்து, "என்னாக்கா வெளாட்டு இது?" என்று கத்தினாள். மூன்று கிலோ. ஓட்டினார்கள். ஒன்றுமில்லை. கொளஞ்சியின் முகத்தில் எங்கேயோ ஒரு லாரி பஞ்சராகிக்கொண்டிருந்தது. ஒன்றரை. "இதுக்கு மேல வுட்டா பையே சப்பையாப் போய்டும்க்கா, சொல்லிட்டேன்." ஓட்டினார்கள். அவள் குண்டின் வயிற்றில் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள், கண்ணால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லையே. முதலில் இரும்பின் குளிர்ச்சி. பிறகு அந்தக் குளிர்ச்சிக்குப் பின்னால், ரொம்ப உள்ளே, ஏதோ அசைந்தது. வயிற்றில் பிள்ளை முதன்முறை புரளும்போது அதுதானா, வாயுவா என்று சந்தேகமாக இருக்குமே, அப்படி. மறுபடி. மறுபடி. குண்டைத் தாண்டிய குழாய்க்குக் கையை நகர்த்தினாள். அங்கே துடிப்பு இல்லை. இல்லை என்று சொல்லக்கூடாது, இருந்தது, ஆனால் அதட்டல் போய் வெறும் பேச்சாக. கிளேஸ் ஒரே இழுப்பில் போய்க்கொண்டிருந்தது. "நீ வை கைய" என்றாள். அவன் வைத்தான். முந்தின குழாயில் ஒரு கை, பிந்தின குழாயில் ஒரு கை.  "நாலு மாசமா நான்தான் அடைச்சி வச்சினு இருந்தனா?" என்றான். "அடிச்சது நீ. தட்டிப் பாத்தப்ப கேட்டுக்கினு இருந்தது நாங்க எல்லாரும்." அவள் பெல்லுக்கு அடியில் நுழையப்போகிற டைல்களில் மூன்றின் முதுகில் ஆணியால் கீறிக் குறி போட்டு விட்டாள். சூளைக்குள் போய் வெளியே வர ஐம்பது நிமிஷம்.

ஐம்பது நிமிஷம் என்பது எவ்வளவு நீளம். மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். சூளை வாயிலிருந்து அனல் முழங்காலில் அடித்தது. பழைய லாட் டைல்கள் வந்துகொண்டிருந்தன, எடுத்தாள், சாய்த்தாள், வைத்தாள், கை தானாகச் செய்தது. கண் எப்போது போக ஆரம்பித்திருக்கும். ஒரு நாள் காலையில் போயிருக்காது. பார்த்துக்கொண்டிருந்தது பார்க்காமல் போகிற நாளை யாரும் பார்ப்பதில்லை, பார்த்தால் அது போனதாகாதே. வலது கண்ணைப் பொத்தினாள். டியூப்லைட்டைச் சுற்றி ஒரு பனி வட்டம். இடது கண்ணைப் பொத்தினாள். வட்டம் சின்னதானது. இரண்டையும் திறந்தால் வட்டம் எங்கே போகிறது, யார் அதை மறைக்கிறார்கள், ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் இத்தனை நாளாக நிரப்பிக்கொண்டு வந்ததா. போன மாதம் தெருவுக்குக் கண் ஆஸ்பத்திரி வேன் வந்தது. இலவசம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தது. அவள் தயிர் வாங்கப் போகிறவள் மாதிரி எதிர்ச் சாரிக்குப் போய்விட்டாள், கையில் பாத்திரம்கூட இல்லாமல். புரைதான் என்றால் எடுத்துவிடலாம். புரை இல்லாமல் வேறு ஏதாவது என்றால். தெரியாமல் இருக்கிறவரைக்கும் இரண்டுமே அல்ல. கடலூர் ஆஸ்பத்திரியில் புருஷனுக்குக் கடைசிப் பத்து நாள், பகலெல்லாம் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு, ஓர் இடைவெளி, அடுத்த மூச்சு. பக்கத்துக் கட்டில்காரி சாத்துக்குடி உரித்தபடி, "அதையே பாத்துக்கினு இருக்காதம்மா, பைத்தியம் புடிச்சிரும்" என்றாள். பைத்தியம் பிடிக்கவில்லை. வேறொன்று நடந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பயத்துக்கு நடுவே அவளுக்கு ஆவலாக இருந்தது. அந்த இடைவெளியில் அவர் எங்கே இருக்கிறார், அதை யார் தாங்கிக்கொண்டு அடுத்த மூச்சுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அப்படியோர் ஆவல். புருஷன் போய்க்கொண்டிருக்கும்போது இப்படி ஒருத்திக்குத் தோன்றுமா என்று அப்போது வெட்கப்பட்டாள். இப்போது வெட்கமில்லை. கொளஞ்சி தூரத்தில் யாரிடமோ கையை விரித்துக் குண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், தன் தப்பைத் தானே ஒரு கதையாக்கி, சிரித்து. அது எப்படி முடிகிறது இவனால். தப்பைச் சொன்னதும் அவன் இளைத்துப்போகவில்லை, இன்னும் கொஞ்சம் பெரியவனாகத்தான் தெரிகிறான். ஆனால் அவன் தப்பு ஒரு வால்வைத் திறந்தால் சரியாகிற தப்பு. என்னுடையது. சரி, என்னுடையது என்ன. கண் மங்கியது தப்பில்லை. பெட்டி ஒட்டுகிறவளுக்குப் பரீட்சை வைத்ததுதான். அவள் அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள், கத்துக்கிட்ட என்றதும். நிஜமாகவே கற்றுக்கொண்டிருக்கலாம், அதுதான் இதில் வேடிக்கை.

குறிபோட்ட மூன்றும் பதினொன்றே முக்காலுக்கு வந்தன. தணிகைவேல் முன்கூட்டியே வந்து நின்றார், கொளஞ்சி அவருக்குப் பின்னால் கையைத் துடைத்தபடி நின்றான். "சொல்லுங்கம்மா. நீங்க சரின்னா ரெண்டாவது ஷிப்டுக்குப் போன் போட்டுடறேன்." அஞ்சலாட்சி முதல் டைலை எடுத்தாள். சூடு விரலில் ஏறியது. இடது பக்கம் சாய்த்தாள். கைக்குத் தெரியும். கை சத்தியம் பண்ணுகிறது, துடிப்பு போய்விட்டது, வரி இருக்க முடியாது. நூற்றுக்குத் தொண்ணூறு. சரி சார் என்றால் இரண்டே சொல், அதுவும் ஏறக்குறைய நிஜம், மேஜை நிற்கும், இதே மாதிரி நாளைக்கும் ஒரு வழி கிடைக்கும். வலது பக்கம் சாய்த்தாள். கிளேஸ் மேல் விரலை ஓட்டினாள், வழவழப்பு, வரி இருந்தாலும் விரலுக்கு வழவழப்புதான், அது நிறத்தில் இருக்கிறது, மேட்டில் இல்லை. மீதிப் பத்து. அந்தப் பத்தைப் பார்க்கத்தானே இங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். தொண்ணூற்றைப் பார்ப்பதற்கு யாரும் வேண்டாமே.  "எனக்குத் தெரியல சார்" என்றாள். "வரி தெரியலையா? அப்ப சரியாய்டுச்சா?" "இல்ல சார். வரி இருந்தாலும் எனக்குத் தெரியாது. மூணு வாரமா தெரியல. பெரம்பலூர்ப் பெட்டியிலயும் எனக்கு ஒண்ணும் தெரியல, சும்மா ஆமான்னேன்." சூளையின் இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்டது. தணிகைவேல் அவளைப் பார்த்தார், டியூப்லைட்டைப் பார்த்தார், அந்த மூன்று டியூப்லைட்டும் அவருக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஏம்மா, இத மொதல்லயே..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். பிறகு, கோபமா இரக்கமா என்று தெரியாத மெல்லிய குரலில், "நாளைக்கு லீவு எடுத்துக்குங்க. கண்ணைக் காட்டிட்டு வாங்க. மேஜைக்கு இன்னிலேர்ந்து வேற ஆளப் போடறேன், டாக்டர் எழுதிக் குடுத்தா அப்புறம் பேசுவோம்" என்றார். சரி சார் என்றாள். அந்த இரண்டு சொல் இதற்குத்தான் மிச்சமிருந்திருக்கிறது. வலிக்கும் என்று காத்திருந்தாள். வலித்தது, ஆனால் வலி பாதி வழியில் எங்கேயோ தங்கி மெதுவாகத்தான் வந்தது, அந்த மெதுவுக்குள் அவளுக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் மூச்சு விடவும் இடம் இருந்தது.

"கொளஞ்சி, நீ பாரு" என்று தணிகைவேல் சொன்னார். அவன் பதறினான். "நானா சார்? எனக்கு டயருதான் தெரியும்." "கண்ணு இருக்கில்ல? பாரு." அவன் டைலை வாங்கி, சாமிப் படத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல நேராகப் பிடித்தான். "சாய்ச்சுப் புடி" என்றாள். சாய்த்தான். "இன்னும் கொஞ்சம். லைட்டு டைல்மேல ஓடணும், அப்பதான் தெரியும்." சாய்த்தான். முகத்தை அருகே கொண்டுபோனான், விலக்கினான், அடுத்ததை எடுத்தான், மூன்றாவதையும் எடுத்தான். தணிகைவேலும் எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குச் சொல்ல வெளிச்சமான பக்கம் நடந்தார். "ஒண்ணும் இல்லக்கா" என்றான் கொளஞ்சி. "ஒண்ணுமே இல்ல. வெள்ளையா இருக்குது."

வெள்ளையாக இருக்கிறது. மூன்று வாரமாக அவள் பார்த்ததும் அதுதான், வரி இருந்ததிலும் இல்லாததிலும். இவன் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளையும் தன் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளையும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு வரி அளவு தூரம்தானா, அதைவிடக் கூடவா. அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள், அவன் பார்க்கிற கோணத்திலிருந்து, அவன் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் எக்கி.

"எந்த மாதிரி வெள்ளை?" என்று கேட்டாள்.

"வெள்ளைன்னா வெள்ளைதான்க்கா. அதுல என்னா மாதிரி?"

"இல்ல, சொல்லேன். நல்லாப் பாத்துச் சொல்லு."

அவன் அவளை ஒருமுறை பார்த்தான். கேலி செய்ய வாயெடுத்தவன் செய்யவில்லை. டைலை மறுபடியும் வெளிச்சத்தில் சாய்த்து, அவசரப்படாமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் பார்க்க ஆரம்பித்தான்.